வண்டி முதலில், விமானம் பிறகு

காஞ்சிபுரத்தில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்று தெரிந்தால் அடுத்த கேள்வி, “டிக்கெட் எவ்வளவு?” என்பதுதான். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் அந்தக் கேள்வி பொருந்தும். இறங்கிய இடத்தில் மெட்ரோ உண்டு, டாக்சி உண்டு, பார்க்க வேண்டியதெல்லாம் நகரத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அயர்லாந்துப் பயணத்தில் மட்டும் அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த நாட்டில் எந்தப் பக்கம் போகிறோம், எந்தச் சாலையில் போகிறோம், என்ன வண்டியை வாடகைக்கு எடுக்கிறோம் என்பவை முடிவான பிறகே விமானத்தைத் தேடவேண்டும். ஏன் இந்தத் தலைகீழ் வரிசை என்பதற்குக் காரணம் ஒன்றிரண்டு இல்லை. ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கிறது. பொறுமையாகப் பிரித்துப் பார்ப்போம்.

பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, நன்றாகக் கார் ஓட்டத் தெரிந்த மகன். மகள் டப்ளினில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். இப்படிப்பட்ட குடும்பங்கள் நம் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் இப்போது அபூர்வமில்லை. மகளைப் பார்ப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் வாடகைக் காரே வேண்டாம். டப்ளினுக்குள் லுவாஸ் டிராம் ஓடுகிறது, கடலோரமாக டார்ட் ரயில் ஓடுகிறது, மாடி பஸ் ஓடுகிறது. ஆனால் அப்பா நெசவாளி. அவ்வளவு தூரம் போய்விட்டு அந்த ஊர்த் தறியைப் பார்க்காமல் வருவாரா? அங்கேதான் கார் வருகிறது.

அயர்லாந்துக்கும் பட்டுக்கும் பழைய உறவு உண்டு. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சிலிருந்து மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த ஹியூகனாட்டுகள் டப்ளினின் லிபர்ட்டீஸ் பகுதியில் குடியேறிப் பட்டு நெய்தார்கள். பாவு பட்டும் ஊடை கம்பளியுமாக அங்கே நெய்யப்பட்ட பாப்ளின் துணி ஐரோப்பா முழுக்கப் பெயர் பெற்றது. இன்று அந்தத் தெருக்களில் தறிச் சத்தம் கிடையாது. கைத்தறி இன்னும் உயிரோடு இருப்பது வடமேற்கு மூலையில், டொனிகால் மாவட்டத்தில். கில்கார், ஆர்டரா என்ற சிற்றூர்களில் ட்வீட் என்னும் கம்பளித் துணியை இன்றும் கையால் நெய்கிறார்கள். டொனிகால் டவுனில் 1866 முதல் மேகீ என்ற நிறுவனம் ட்வீட் தொழிலில் இருக்கிறது. அதற்குத் தெற்கே மேயோ மாவட்டத்தில், மாய் ஆற்றங்கரையில், 1892இல் கன்னியாஸ்திரிகள் தொடங்கிய ஃபாக்ஸ்ஃபோர்ட் கம்பளி ஆலை உண்டு. நம்மூர்க் குழித்தறியில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்து மூன்று நாடா போட்டுக் கோர்வை சேர்க்கிறவருக்கு, அங்கே தரைக்கு மேல் நிற்கும் மரத்தறியும், ஊடை நூலிலேயே பலவண்ணப் புள்ளிகள் கலந்து வரும் கம்பளியும் வேறு உலகமாகத் தெரியும். ஆனால் பாவு ஏற்றும் முறையையும் மிதி மிதிக்கும் தாளத்தையும் யாரும் விளக்கவேண்டியிருக்காது.

இனிமேல்தான் சிக்கல். டொனிகால் மாவட்டத்தில் ரயிலே கிடையாது. இருந்த பாதைகளை எல்லாம் 1960ஆம் ஆண்டுவாக்கில் மூடிவிட்டார்கள். டப்ளினிலிருந்து பேருந்து போகிறது. ஆனால் அது டவுனுக்குத்தான் போகும். கில்காருக்கும் ஆர்டராவுக்கும், 601 மீட்டர் உயரத்தில் கடலுக்கு மேல் நிற்கும் ஸ்லீவ் லீக் பாறைச் சரிவுக்கும் நாம் நினைத்த நேரத்தில் போகச் சொந்த வண்டி வேண்டும். மேற்குக் கரை நெடுக இதே கதைதான். 2014இல் ‘வைல்ட் அட்லாண்டிக் வே’ என்று பெயரிட்டு 2,500 கிலோமீட்டர் கடலோரச் சாலையை ஒரே வழித்தடமாக இணைத்தார்கள். அதன் அழகெல்லாம் பேருந்து நிற்காத இடங்களில் இருக்கிறது.

சரி, வரைபடத்தை விரித்து டப்ளினிலிருந்து டொனிகாலுக்கு ஒரு கோடு போடுங்கள். கூகுள் மேப்பும் கிட்டத்தட்ட அதே கோட்டைத்தான் காட்டும்: கேவன் வழியாக என்னிஸ்கில்லன், அங்கிருந்து டொனிகால். குறுக்கு வழி, நல்ல சாலை. ஆனால் என்னிஸ்கில்லன் இருப்பது வேறு நாட்டில். 1921இல் தீவு பிரிக்கப்பட்டபோது வடகிழக்கின் ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு நின்றுவிட்டன. அதுதான் வட அயர்லாந்து. டொனிகால் குடியரசோடு சேர்ந்தது. ஆனால் அதை மற்ற மாவட்டங்களோடு இணைப்பது கடலோரமாக ஓடும் மிக ஒடுக்கமான ஒரு நிலத்துண்டுதான். வட அயர்லாந்தைத் தொடாமல் போக, மேற்கே ஸ்லைகோ வரை போய், அங்கிருந்து லீட்ரிம் மாவட்டத்தின் சில கிலோமீட்டர்க் கடற்கரையைக் கடந்து, பண்டோரன் வழியாக ஏறவேண்டும். அரை மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகும்.

எல்லையில் கேட் கிடையாது, சோதனைச் சாவடி கிடையாது, பல சாலைகளில் வரவேற்புப் பலகைகூடக் கிடையாது. வண்டி ஓட்டுகிறவர் கூர்ந்து கவனித்தால் இரண்டு மாற்றங்கள் தெரியும். சாலை ஓரத்துக் கோடு மஞ்சளாக இருந்தது வெள்ளையாகும். வேகப் பலகையில் கிலோமீட்டர் போய் மைல் வந்துவிடும். அவ்வளவுதான். இந்தியப் பாஸ்போர்ட்டோடு போகிறவருக்கு அந்தக் கோட்டின் நிற மாற்றம் சின்ன விஷயமில்லை. அயர்லாந்து விசா பிரிட்டனுக்குள் செல்லாது. தெரியாமல் கடந்துவிட்டோம் என்பது சட்டத்தின் முன் பதிலாகாது. எல்லை தாண்டி வரும் பேருந்துகளில் ஐரிஷ் காவலர்கள் ஏறிப் பாஸ்போர்ட் பார்ப்பதும் உண்டு.

இதற்கு ஒரு முறையான வழி இருக்கிறது. பிரிட்டிஷ்-ஐரிஷ் விசாத் திட்டம் என்று ஒன்றை இரு நாடுகளும் சேர்ந்து தொடங்கின. சீனர்களுக்கு 2014இலும் இந்தியர்களுக்கு 2015 தொடக்கத்திலும் அது நடைமுறைக்கு வந்தது. சுருக்கமாக பிஐவிஎஸ் என்பார்கள். இந்தியாவிலிருந்து விண்ணப்பித்துப் பெறும் குறுகியகாலச் சுற்றுலா விசாவில் அந்தக் குறி இருந்தால் ஒரே விசாவில் இரு நாடுகளுக்கும் போகலாம். நிபந்தனை, விசா கொடுத்த நாட்டுக்குள்தான் முதலில் நுழைய வேண்டும். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் விசா ஒட்டியிருக்கும் பக்கத்தைப் புரட்டி, குறிப்புகள் எழுதும் வரியில் என்ன அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். ‘பிசி பிஐவிஎஸ்’ என்று இருந்தால் என்னிஸ்கில்லன் வழி திறந்திருக்கிறது. ‘பிசி’ மட்டும் இருந்தால் ஸ்லைகோ வழிதான். அந்த ஒரு வரி உங்கள் மொத்தச் சாலைத் திட்டத்தையும் தீர்மானிக்கும். விசா விதிகள் அவ்வப்போது மாறுகிறவை என்பதால், விண்ணப்பிக்கும் வாரத்தில் ஐரிஷ் குடிவரவுத் துறையின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

தமிழர்களுக்கு இந்த எல்லை இன்னொரு வகையிலும் முக்கியம். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட ராபர்ட் கால்டுவெல் அயர்லாந்தில் பிறந்தவர் என்று பள்ளியில் படித்திருப்போம். அவர் 1814இல் பிறந்த கிளாடி, ஆன்ட்ரிம் ஊருக்குப் பக்கத்தில், இன்றைய வட அயர்லாந்தில் இருக்கிறது. டோனாவூரில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பணிசெய்து அங்கேயே கண்மூடிய ஏமி கார்மைக்கேல் பிறந்த மில்லைல் கடற்கரை ஊரும் வட அயர்லாந்தில்தான். அவர்கள் பிறந்தபோது தீவு ஒன்றாக இருந்தது. இன்று அந்த ஊர்களைப் பார்க்க ஆசைப்படும் தமிழருக்கு விசாவில் அந்தக் குறி வேண்டும். நெல்லைச் சீமைக்காரர்கள் நிச்சயம் ஆசைப்படுவார்கள்.

வழி தெளிந்தது. அடுத்தது மாதம். பட்டுத் தொழில் குடும்பம் முகூர்த்தக் கணக்கில் வாழ்கிறது. சித்திரையிலும் வைகாசியிலும் கல்யாணச் சேலைக்குக் கூட்டம் அலைமோதும். வைகாசியில் வரதர் கருட சேவையை விட்டுவிட்டு வெளியூர் போக மனம் வருமா என்பது வேறு விஷயம். ஆவணி, புரட்டாசியில் தறி முழுக்கத் தீபாவளிச் சரக்கு. மார்கழியில் கல்யாணம் இல்லை, ஆனால் அப்போது டப்ளினில் பகல் வெளிச்சம் ஏழரை மணி நேரம்தான். மலைச்சாலையில் மாலை நாலரை மணிக்கு இருட்டிவிடும். ஆக மிஞ்சுவது ஆடி. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை. இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், குளிர் தாங்கக்கூடியது. நமக்குத் தொழில் மந்தமான அந்த மாதம்தான் அயர்லாந்துக்கு உச்ச பருவம். பள்ளி விடுமுறை, அமெரிக்கச் சுற்றுலாக் கூட்டம், எல்லாம் சேர்ந்து வாடகைக் காருக்குத் தட்டுப்பாடு வந்து விலை ஏறிவிடும். ஆடியில்தான் போகமுடியும் என்றால் தை மாதமே காரைப் பதிவு செய்துவிட வேண்டும்.

விசாவே வராதபோது காரைப் பதிவு செய்வதா என்று அம்மா கேட்பார். இங்கேதான் இந்தக் கட்டுரையின் தலைப்புக்குக் காரணம் இருக்கிறது. ஐரிஷ் விசாவுக்குப் பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்னதாகத்தான் விண்ணப்பிக்க முடியும். முடிவு வர எட்டு வாரம் வரை ஆகலாம். விசா கைக்கு வரும்முன் டிக்கெட் வாங்கவேண்டாம் என்று அந்த நாட்டுக் குடிவரவுத் துறையே சொல்கிறது. பயணத் திட்டம் காட்டினால் போதும். மலிவான விமான டிக்கெட்டோ பெரும்பாலும் பணம் திரும்பாதது. விசா மறுக்கப்பட்டால் மொத்தப் பணமும் போய்விடும். கார் முன்பதிவு இதற்கு நேர்மாறு. பணத்தை வண்டி எடுக்கும்போது கட்டுவதாகவும், ஒன்றிரண்டு நாள் முன்புவரை இலவசமாக ரத்து செய்யலாம் என்பதாகவும் ஏராளமான சலுகைகள் கிடைக்கின்றன. அப்படிப்பட்ட பதிவை முதலில் போட்டுவைப்பதில் நஷ்டமே இல்லை. விசா விண்ணப்பத்தோடு கொடுக்கும் பயணத் திட்டத்துக்கும் அது எலும்புக்கூடாக உதவும். எந்த நாள் எந்த ஊரில் இருக்கிறோம் என்பது தெளிவாக எழுதியிருந்தால் விண்ணப்பத்தைப் படிக்கும் அதிகாரிக்கும் சந்தேகம் எழாது.

விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பி, அச்செடுத்துக் கையெழுத்திட்டு, சென்னையில் உள்ள விஎஃப்எஸ் மையத்தில் காகிதங்களோடு கொடுத்து, கைரேகையும் பதிய வேண்டும். ஒருமுறை நுழையும் விசாவுக்கு 60 யூரோ, பலமுறைக்கு 100 யூரோ, மையத்தின் கட்டணம் தனி. மகள் அங்கே இருப்பதால் அவளுடைய அழைப்புக் கடிதம், வேலைச் சான்று, தங்கும் முகவரி ஆகியவை சேரும். ஆறு மாத வங்கிக் கணக்கு முக்கியம். தறிக் குடும்பங்களில் பணம் கையில் புரண்டுகொண்டிருக்கும், வங்கியில் தெரியாது. விண்ணப்பத்துக்கு ஒரு வாரம் முன்பு மொத்தமாக ஒரு தொகையைப் போட்டால் அது உதவாது, உறுத்தும். சங்கத்திலிருந்தோ முதலாளியிடமிருந்தோ வரும் கூலியை ஓர் ஆண்டாகவே வங்கி வழியாக வாங்கி வந்திருந்தால் அதைவிட நல்ல சான்று வேறில்லை.

இப்போது விமானம். இந்தியாவிலிருந்து அயர்லாந்துக்கு நேரடி விமானம் இல்லை. எங்காவது ஓரிடத்தில் மாற வேண்டும். சென்னையிலிருந்து பழக்கப்பட்ட வழிகள் இரண்டு. ஒன்று வளைகுடா: துபாய் வழியாக எமிரேட்ஸ், அபுதாபி வழியாக எத்திஹாட், தோஹா வழியாகக் கத்தார் ஏர்வேஸ். நாலு மணி நேரம் அளவில் வளைகுடா, அங்கிருந்து எட்டு மணி நேரம் அளவில் டப்ளின். இன்னொன்று லண்டன்: பிரிட்டிஷ் ஏர்வேஸில் சென்னையிலிருந்து ஹீத்ரோ, அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் டப்ளின்.

ஐரிஷ் விசாவோடு போகிறவருக்கு நான் சொல்வது வளைகுடா வழிதான். விசா கொடுத்த நாட்டில் முதலில் இறங்கவேண்டும் என்ற நிபந்தனை தானாக நிறைவேறிவிடும். பிரிட்டனில் விமானம் மாறும் இந்தியர்களுக்கான ட்ரான்ஸிட் விசா விதிகளில் தலையைக் கொடுக்க வேண்டியதில்லை. பிரிட்டிஷ் விசாவில் அந்தக் குறியோடு போகிறவர்களுக்கு மாறாக லண்டன்தான் சரி. முதலில் பிரிட்டனில் நுழைந்து, பிறகு டப்ளின் போகவேண்டும். ஆக டிக்கெட் தேடும் தளத்தில் விலை வரிசையைப் பார்க்கும் முன்பே உங்கள் விசா பாதி வழிகளை அடித்துவிடுகிறது.

தனித்தனி டிக்கெட்டில் பணம் மிச்சம் பிடிக்கும் யோசனையைப் பற்றி ஒரு வார்த்தை. லண்டன் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து ரயன்ஏரில் டப்ளினுக்கு மலிவாக இன்னொன்று என்று போட்டால் கணக்கில் லாபம் தெரியும். ஆனால் ரயன்ஏர் ஹீத்ரோவிலிருந்து பறப்பதில்லை. ஸ்டான்ஸ்டெட், லூட்டன், கேட்விக் என்று வேறு நிலையத்துக்குப் போகவேண்டும். பெட்டியை எடுத்துக்கொண்டு பிரிட்டனுக்குள் நுழைந்து, ஊரைச் சுற்றிப் போய், அங்கே மறுபடி பெட்டிக்குத் தனிக் கட்டணம் கட்டவேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பில்லை. வயதான பெற்றோரோடு போகிறவர்கள் இதைச் செய்யவே கூடாது. சென்னை முதல் டப்ளின் வரை ஒரே டிக்கெட், பெட்டி டப்ளினில் கைக்கு வரும்படி இருப்பதுதான் முறை.

வளைகுடா விமானங்கள் பலவும் சென்னையிலிருந்து பின்னிரவிலோ விடியற்காலையிலோ கிளம்புகின்றன. காஞ்சிபுரத்திலிருந்து மீனம்பாக்கம் எழுபது கிலோமீட்டருக்குள். சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலை ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் மொய்த்துவிடும் என்பது நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வாலாஜாபாத், ஒரகடம், படப்பை வழியாகத் தாம்பரம் போய் ஏறுவதையும் மனதில் வையுங்கள். விமானம் கிளம்ப மூன்று மணி நேரம் முன்பு நிலையத்தில் இருக்கும்படி பார்த்தால் வீட்டிலிருந்து ஐந்து மணி நேரம் முன்பு புறப்படுவது நிம்மதி. பரந்தூரில் விமான நிலையம் வந்தால் தூரம் குறையும் என்று பேசுகிறார்கள். ஏகனாபுரத்து மக்களின் நிலமும் ஏரியும் என்னாகும் என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு அந்தக் குறைந்த தூரத்தைக் கொண்டாட எனக்கு மனம் வருவதில்லை.

பெட்டி கட்டும்போது இரண்டு கணக்கு. மகளுடைய தோழிகளுக்கு, அவள் வேலை செய்யும் இடத்தில் இருப்பவர்களுக்கு என்று பட்டுச் சேலை கொண்டுபோக ஆசை வரும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து விமானத்தில் வரும் பெரியவர் ஒருவர் 430 யூரோ மதிப்புள்ள பொருளைத்தான் வரியில்லாமல் அன்பளிப்பாகக் கொண்டுபோகலாம். இன்றைய மதிப்பில் நாற்பதாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். அசல் ஜரிகை போட்ட முகூர்த்தச் சேலை ஒன்றே அதைத் தாண்டிவிடும். தாண்டினால் சுங்கத்தில் சொல்லிவிட வேண்டும். நெய், பால்கோவா போன்ற பால் பண்டங்களுக்கும் அனுமதி இல்லை. இரண்டாவது கணக்கு டிக்கி. விமானம் ஏற்றிக்கொள்ளும் பெட்டிகளை எல்லாம் அங்கத்திய சின்னக் கார் ஏற்றிக்கொள்ளாது. நாலு பேர், நாலு பெரிய பெட்டி என்றால் வண்டியின் வகையையே மாற்றவேண்டும். அதனால் பெரிய பெட்டிகளை மகள் வீட்டில் வைத்துவிட்டு, ஆளுக்கொரு தோள்பையோடு டொனிகால் புறப்படுவதாகவே திட்டமிடுங்கள்.

டப்ளினில் இறங்கிய அன்று கார் எடுக்கக் கூடாது. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். காஞ்சிபுரத்தில் வாசலைத் தாண்டியதிலிருந்து கணக்குப் போட்டால் முழுதாக ஒரு நாள் தூக்கம் கெட்டிருக்கும். கோடையில் நாலரை மணி நேரக் காலவித்தியாசம் வேறு. அந்த நிலையில் புதிய நாட்டில், புதிய வண்டியில், விமான நிலைய வாசலிலேயே தொடங்கும் நெடுஞ்சாலையில் நுழைவது ஆபத்து. விமான நிலையத்துக்கு ரயில் இல்லை. பேருந்து நிறைய உண்டு. மகள் வீட்டுக்குப் போய், இரண்டு நாள் நகரத்தை டிராமில் சுற்றிவிட்டு, மூன்றாம் நாள் காலை மறுபடி விமான நிலையம் வந்து வண்டி எடுப்பது சிறந்தது. நகரத்துக்குள் வண்டி நிறுத்தக் கட்டணம் அதிகம், ஒருவழிப் பாதைகள் குழப்பும். இந்த ஏற்பாட்டில் இரண்டு நாள் வாடகையும் மிச்சம்.

ஓட்டுநர் உரிமம் பற்றிப் பலவிதமாகச் சொல்வார்கள். செல்லுபடியாகும் இந்திய உரிமத்தோடு சுற்றுலாப் பயணி அங்கே ஓட்டலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் வண்டி கொடுக்கும் நிறுவனம் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் கேட்கலாம். இந்தியாவும் அயர்லாந்தும் 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தில் இருப்பதால் நம் ஆர்டிஓ கொடுக்கும் அனுமதி அங்கே செல்லும். சாரதி தளத்தில் படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். பாஸ்போர்ட்டோடு விசா நகலும் கேட்பார்கள் என்பதால் இது விசாவுக்குப் பிறகு செய்யவேண்டிய வேலை. சொந்த உரிமத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும். அனுமதிப் புத்தகம் மட்டும் இருந்தால் போதாது. நிறுவனங்கள் வழக்கமாக 25 வயதுக்குக் கீழே இருப்பவரிடம் கூடுதல் கட்டணம் வாங்கும், 75ஐத் தாண்டியவருக்குப் பெரும்பாலும் வண்டியே தராது.

நமக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு. அயர்லாந்தில் இடதுபக்கம்தான் ஓட்டுவார்கள், ஸ்டீயரிங் வலதுபக்கம். அமெரிக்கர்கள் கியரில் இடதுகை பழகாமல் தடுமாறி, அதிக விலை கொடுத்து ஆட்டோமேட்டிக் வண்டி தேடுகிறார்கள். கோடையில் அந்த வண்டிக்குத்தான் முதலில் தட்டுப்பாடு வரும். நம் ஊரில் கியர் வண்டி ஓட்டிப் பழகிய மகன் சாதாரண கியர் வண்டியையே எடுக்கலாம். வாடகை நன்றாகக் குறையும்.

இனி பலரும் அடிபடும் இடத்துக்கு வருவோம்: கவுன்டர். இணையத்தில் காட்டிய வாடகையில் அடிப்படைக் காப்பீடு அடங்கியிருக்கும். அதில் ‘எக்ஸஸ்’ என்று ஒரு தொகை இருக்கும். வண்டிக்குச் சேதம் வந்தால் அந்தத் தொகைவரை நீங்கள் கட்டவேண்டும். அதற்கு மேல் காப்பீடு கட்டும். அயர்லாந்தில் அது சிறு தொகையில்லை. பொதுவாக 1,500 யூரோவிலிருந்து 3,000 யூரோ வரை இருக்கும், பெரிய வண்டிக்கு இன்னும் கூடும். அதற்கும் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் இவை பல நேரங்களில் அடிப்படைக் காப்பீட்டுக்கு வெளியே. டொனிகால் கிராமச் சாலைகளில் இருபக்கமும் கருங்கல் சுவர், எதிரே டிராக்டர். அடிபடுவது பெரும்பாலும் டயரும் பக்கக் கண்ணாடியும்தான். எக்ஸஸைப் பூஜ்யமாக்கும் கூடுதல் காப்பீட்டைக் கவுன்டரில் தினசரிக் கணக்கில் விற்பார்கள். ஒரு வாரத்துக்கு அதைக் கூட்டினால் வாடகைக்கே சமமாக வந்து நிற்கக்கூடும். முன்பதிவு செய்யும்போதே அதையும் சேர்த்த மொத்த விலையை நிறுவனத்துக்கு நிறுவனம் ஒப்பிட்டுப் பாருங்கள். என்னைக் கேட்டால், பெற்றோரை ஏற்றிக்கொண்டு முதல்முறை ஓட்டுகிறவர் முழுக் காப்பீடு எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் மூவாயிரம் யூரோவை நினைத்துக்கொண்டு ஓட்ட முடியாது.

அடுத்தது கார்டு. எக்ஸஸ் அளவுக்கோ அதற்கு மேலோ ஒரு தொகையை வண்டி திரும்பும்வரை உங்கள் கிரெடிட் கார்டில் நிறுத்திவைப்பார்கள். கார்டு ஓட்டுகிறவர் பெயரிலேயே இருக்க வேண்டும். அப்பாவின் கார்டு, மகனின் உரிமம் என்றால் சாவி கிடைக்காது. டெபிட் கார்டையும் வங்கியில் வாங்கிய ஃபாரெக்ஸ் கார்டையும் பல நிறுவனங்கள் இதற்கு ஏற்பதில்லை. கார்டின் வரம்பு அந்த நிறுத்தத் தொகையையும் தாங்கி, வழிச்செலவுக்கும் மிச்சம் இருக்கவேண்டும். 2020 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்தே வரும். காஞ்சிபுரத்தில் இருக்கும்போதே வங்கிச் செயலியில் அதைத் திறந்துவையுங்கள். ஓடிபி வரும் சிம் அங்கே வேலை செய்யுமா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கவுன்டரில் கையெழுத்திடும் முன் வட அயர்லாந்துக்குள் வண்டியைக் கொண்டுபோகலாமா, தனிக் கட்டணம் உண்டா, அங்கே வண்டி நின்றுவிட்டால் உதவிக்கு யார் வருவார்கள் என்று கேட்டு, பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். விசாவில் குறி இருந்தாலும் வண்டிக்கு அனுமதி தனி. பிறகு வண்டியைச் சுற்றி வந்து, சக்கர விளிம்பு, கண்ணாடி, கூரை, பம்பரின் அடிப்பக்கம் என எல்லாவற்றையும் செல்போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். ஏற்கனவே இருக்கும் கீறல்கள் அவர்களுடைய தாளில் குறிக்கப்படாவிட்டால் அந்த இடத்திலேயே சொல்லிக் குறிக்கச் செய்யுங்கள்.

வண்டியை எடுத்துக் கிளம்பினால் சில நிமிடங்களில் எம்50 வளையச் சாலை. ஸ்லைகோ வழியாகப் போகிறவர் அதில் தெற்கே இறங்கி எம்4 பிடிக்கவேண்டும். எம்50இல் ஆறாம் சந்திப்புக்கும் ஏழாம் சந்திப்புக்கும் இடையே சுங்கம் உண்டு, ஆனால் சாவடி கிடையாது. கேமரா எண்ணைப் படித்துக்கொள்ளும். மறுநாள் இரவு எட்டு மணிக்குள் நாமே இணையத்திலோ கடையிலோ கட்டவேண்டும். தவறினால் அபராதம், அதற்கு மேல் வண்டி நிறுவனத்தின் நிர்வாகக் கட்டணம். சில நிறுவனங்கள் தாங்களே கட்டிக்கொண்டு கார்டில் பிடிப்பார்கள். எது என்று கவுன்டரிலேயே கேட்டுவிடலாம். எம்4இல் நம்மூர் மாதிரி சாவடி இருக்கிறது, நின்று கட்டிவிட்டுப் போகலாம்.

குடியரசில் 2005 முதல் வேகம் கிலோமீட்டரில். மோட்டார்வேயில் 120, தேசியச் சாலையில் 100, வட்டாரச் சாலையில் 80. கிராமத்துச் சிறு சாலைகளில் 80 இருந்ததை 2025 பிப்ரவரியில் 60ஆகக் குறைத்துவிட்டார்கள். அந்த 60கூடப் பல வளைவுகளில் அதிகம். ரவுண்டானாவில் வலதுபக்கம் இருந்து வருகிறவருக்கு வழி விடவேண்டும். அங்கே ஹாரன் அடித்து நுழைகிற பழக்கம் இல்லை. ஒற்றை வண்டி மட்டும் போகும் சாலையில் எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடம் உள்ளவர் பின்வாங்குவார், கடக்கும்போது இருவரும் விரலை உயர்த்தி வணக்கம் சொல்வார்கள். பெட்ரோல் பங்கில் நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். பெட்ரோல் குழாய் பச்சை, டீசல் கறுப்பு. எடுத்த வண்டிக்கு எது என்று மூடியில் எழுதியிருக்கும். மாற்றிப் போட்டால் வண்டி நிறுவனத்தின் காப்பீடு பெரும்பாலும் உதவாது.

திரும்பும் நாளில் வளைகுடா விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு நிலையத்தில் இருக்கவேண்டும் என்றால், வண்டியை அதற்கும் ஒரு மணி நேரம் முன்பு ஒப்படைக்கும்படி பாருங்கள். முடிந்தால் முதல் நாளே ஒப்படைத்துவிட்டு அன்றிரவை மகள் வீட்டில் கழிப்பது இன்னும் நல்லது. டாங்க்கை நிரப்பி, ரசீதை வைத்துக்கொண்டு, மறுபடி ஒருமுறை வீடியோ எடுத்து, ஆள் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை நில்லுங்கள். கார்டில் நிறுத்திய தொகை விடுபட இரண்டு வாரம்கூட ஆகலாம். ஊர் திரும்பிய பிறகு அந்த மாத ஸ்டேட்மென்ட்டில் சுங்கமோ அபராதமோ புதிதாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு ஒப்பந்தத் தாளைக் கிழித்துப் போடலாம்.